வினாடிக்கு ஒரு படம்

மூன்று வருடங்களுக்கு முன், தீபாவளிக்கு முந்திய வாரம். பதுளையில் ஒரு புடவைக் கடையில் அப்போதுதான் மேற்பார்வையாளராகியிருந்தேன். தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்து வளர்ந்தவனுக்குக் கழுத்துப்பட்டியோடு நிற்கும் வேலை. தலைகால் புரியவில்லை.

லுணுகலைப் பக்கத் தோட்டத்திலிருந்து ஒரு அம்மா மகளோடு வந்து, சேலைகள் பார்த்துவிட்டு ஒன்றும் எடுக்காமல் கிளம்பினார். உடனே விற்பனைப் பெண் ஓடிவந்து மாம்பழ நிறப் பட்டு ஒன்றைக் காணோம் என்றாள். கெமரா பதிவைப் பின்னால் ஓட்டிப் பார்த்தேன். சேலை அவர் கையில் இருந்தது. அடுத்த கணம் சேலை இல்லை. கை பையின் மேல் இருந்தது. எனக்கு அது போதுமாயிருந்தது.

வாசலில் மறித்து, கூட்டத்தின் நடுவே பையைக் கொட்டச் சொன்னேன். குடை, சாப்பிட வாங்கிய பாண், மகளுக்கு வாங்கிய செருப்பு. அவ்வளவுதான்.

“ராக்குலயே மடிச்சு வச்சிட்டேன் தம்பி. நல்லாப் பாருங்க.”

“கெமரா பொய் சொல்லுமா? வெளியில யாருகிட்ட குடுத்த?”

என் அம்மா வயதுக்காரரை ஒருமையில் கேட்டேன். மகள் அழுதாள். பெயரையும் தோட்டத்தையும் எழுதி வாங்கிக்கொண்டு, இனி இந்தப் பக்கம் வராதே என்று அனுப்பினேன். முதலாளி என் தோளைத் தட்டினார்.

மறுநாள் அடுக்கும்போது சேலை அகப்பட்டது. அதே ராக்கில், பக்கத்து அடுக்குக்குள், மடிப்புக் குலையாமல் இருந்தது.

கடைக்குக் கெமரா பூட்டித் தந்தவரை அழைத்துக் கேட்டேன். வீடியோ என்பதே அடுத்தடுத்து ஓடும் படங்கள்தான், ஒழுங்காக எடுத்தால் வினாடிக்கு இருபத்தைந்து இருக்கும் என்றார்.

“ஒரு மாசப் பதிவு நிக்கணும்னு நீங்கதானே கேட்டீங்க? டிஸ்க்ல எடம் பத்தாது. அதான் செக்கனுக்கு ஒரு படம் மட்டும் எடுக்க வச்சேன். நடுவுல நடந்தது அதுல இருக்காதுங்க.”

கொழுந்து பறித்துப் பழகிய கைக்குச் சேலையை மடித்து வைக்க எவ்வளவு நேரம் வேண்டும்? என் அம்மாவின் கையும் அப்படிப் பறப்பதுதான். எனக்கா தெரியாது!

ஞாயிற்றுக்கிழமை அந்தச் சேலையையே வாங்கிக்கொண்டு அவர் லயத்துக்குப் போனேன். தப்பு என்மேல்தான், மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் சேலையைத் தொடவில்லை.

“அன்னைக்கு அத்தன பேரு பாக்கத் திருடின்னீங்க. மன்னிப்பு மட்டும் யாருமில்லாத எடத்துல கேக்குறீங்களே தம்பி.”

கடைக்கு வாங்க, எல்லார் முன்னாலும் சொல்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தேன். சேலையோடு திரும்பி பஸ் ஏறினேன்.

இன்றும் அதே கடையில்தான் நிற்கிறேன். இரண்டு படங்களுக்கு நடுவே கெமரா காலியாக விட்ட இடத்தில் திருட்டை வைத்தவன் நான்தான். தோட்டத்துப் பெண் என்றதும் ஒரு தோட்டத்துப் பிள்ளைக்கே அது அவ்வளவு சுலபமாக வந்ததை நினைத்தால் இன்னமும் என்மேல் எனக்கு வெறுப்பாயிருக்கிறது.