சைகோன் கித்தாரும் சுங்கத்துக் காசிலிங்கமும்

தெய்வசிகாமணி சைகோனிலிருந்து வந்து இறங்கியபோது, புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி ஒரு மாசம்கூட ஆகவில்லை. 1954 நவம்பர். தள்ளி நின்ற கப்பலிலிருந்து படகுக்கு மாறும்போது துணிப்பெட்டியை மனைவி செல்வாம்பாளின் கையில் கொடுத்துவிட்டு, கித்தாரை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டார். "இதுல யாரு பொண்டாட்டின்னு படகுக்காரரே குழம்பிட்டாரு" என்று அவள் பல வருஷம் சொல்லிச் சிரித்தாள்.

சைகோனில் அவருக்குப் பகலில் துணிக்கடையில் வேலை. சாயங்காலமானால் ஒரு ஓட்டலில் ஜாஸ் வாசிப்பார். இங்கேயும் ரெனே என்ற பியானோக்காரரும் ஒரு டிரம்ஸ்காரரும் கிடைத்தார்கள். மூன்று பேரும் கடற்கரையோரத்து விடுதியில் வாசித்தார்கள். ஆனால் வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராய்க் கப்பலேற, இரண்டு வருஷத்துக்குள் அந்த இரண்டு பேரும் போய்விட்டார்கள். தனியாக நின்ற தெய்வசிகாமணி, ஈஸ்வரன் கோயில் தெரு வீட்டு வாசலில் 'கித்தார் கற்றுத் தரப்படும்' என்று ஒரு பலகை மாட்டினார்.

முதலில் வந்தவர் காசிலிங்கம். துறைமுகச் சுங்கத்தில் வேலை, வயசு நாற்பத்தாறு, வாத்தியாரைவிடப் பத்து வயசு மூத்தவர். விரல் ஒவ்வொன்றும் முருங்கைக்காய் மாதிரி இருக்கும்.

"ஒரே பாட்ட நேத்து ஒரு மாதிரி வாசிச்சீங்க, இன்னைக்கு வேற மாதிரி வாசிக்கறீங்க. எது சரி முசே?" என்று வாத்தியாரைப் பிரெஞ்சு மரியாதையில் கூப்பிட்டுக் கேட்டார் அவர்.

"ரெண்டும் சரிதான். ஆபீசுலேர்ந்து ஊட்டுக்குத் தெனம் ஒரே தெரு வழியாவா வர்றீங்க? இன்னைக்கு மார்க்கெட் வழி, நாளைக்கு கடற்கரை வழி. ஊடு வந்து சேரணும், அவ்ளோதான்."

காசிலிங்கத்துக்குத் தெரு புரிந்தது. மெட்டுதான் வரவே இல்லை. எட்டு மாசம் ஆகியும் ஒரு சின்னப் பாட்டில் ஏறி இறங்க முடியவில்லை. எந்தப் பாட்டைக் கொடுத்தாலும் நாலு தட்டு, நாலு தட்டு என்று ஒரே சீராகக் கம்பியை அடித்துக்கொண்டிருப்பார். பொறுமை போன தெய்வசிகாமணி ஒரு நாள், "உங்களுக்கு இது வராதுங்க. வீணா எதுக்கு அலையறீங்க?" என்று சொல்லிவிட்டார். காசிலிங்கம் கித்தாரை உறையில் போட்டு, கும்பிட்டுவிட்டுப் போனார். மறுபடி வரவில்லை.

1957 ஜூலை பதினாலாம் தேதி, பிரெஞ்சு தேசிய நாளுக்காக, பிரெஞ்சுப் படையில் இருந்த பழைய சிப்பாய்கள் ஒரு மண்டபத்தில் நடன விருந்து வைத்தார்கள். தெய்வசிகாமணி தனி ஆளாக வாசித்தார். முதல் பாட்டு நன்றாகப் போனது. இரண்டாவதில் ஜோடிகள் ஒருவர் காலை ஒருவர் மிதித்தார்கள். மூன்றாவதில், சண்டையெல்லாம் பார்த்த பழைய சார்ஜன்ட் பக்கிரி மூச்சு வாங்கியபடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"முசே, உங்க வாசிப்புக்கு ஆட முடியல. ஓடத்தான் முடியுது."

மண்டபமே சிரித்தது. தெய்வசிகாமணியும் சிரித்து வைத்தார். மறுநாள் காலையில் காபியை வைத்துவிட்டு செல்வாம்பாள் சொன்னாள்:

"தாளத்துல நீங்க எப்பவும் ஓடறவர்தான். முன்னல்லாம் டிரம்ஸ்காரரு புடிச்சி நிறுத்திகிட்டிருந்தாரு. அதுக்கப்புறம் அந்த சுங்கத்துக்காரரு வந்த மாசங்கள்ல மட்டுந்தான் நீங்க ஓடல. நான் அடுப்படியில கேட்டுகிட்டுதான இருந்தேன்."

அவருக்குச் சுருக்கென்றது. ஒரு வாரம் வீம்பாக இருந்துவிட்டு, வெட்கத்தை விட்டுச் சுங்க அலுவலகத்துக்குப் போனார். மூட்டைகளுக்கு நடுவில் நின்றிருந்த காசிலிங்கம் நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்குத்தான் வராதுன்னீங்களே?"

"மெட்டு வராதுதான். இனிமேலும் வராது. அது எங்கிட்ட இருக்கு. உங்ககிட்ட இருக்கறதுதான் எங்கிட்ட இல்ல. அன்னைக்கி அது தெரியாம பேசிட்டேன்."

காசிலிங்கம் எதிரே இருந்த மூட்டைக்கு முத்திரை குத்தினார். பிறகு, "சனிக்கிழமை வரட்டுமா?" என்றார்.

அடுத்த ஜூலை பதினாலில் இரண்டு கித்தார்கள். காசிலிங்கம் கண்ணை மூடிக்கொண்டு நாலு தட்டு தட்ட, தெய்வசிகாமணி அதன்மேல் இஷ்டத்துக்குத் தெருத்தெருவாகச் சுற்றினார். எங்கே போனாலும் வீடு அங்கேயே இருந்தது. பக்கிரி அன்றைக்கு ஏழு பாட்டுக்கு ஆடினார். அதன் பிறகு தந்தி ஆபீஸ்காரர், பள்ளிக்கூடத்து டீச்சர் சந்திரகலா, தையல்காரர் என்று ஆட்கள் வந்தார்கள். புதிதாக வருகிறவர்களை முதல் மூன்று மாசம் காசிலிங்கத்திடம்தான் உட்கார வைத்தார் தெய்வசிகாமணி.

1962இல் புதுச்சேரியை இந்தியாவோடு சேர்க்கும் ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. பிரெஞ்சுக் குடிமகனாகவே இருக்க வேண்டுமென்றால் ஆறு மாசத்துக்குள் எழுதித் தர வேண்டும். அதே சமயம் பிரான்சின் மார்செய் நகரத்திலிருந்து ரெனே கடிதம் போட்டிருந்தார்: வா, இங்கே என் கோஷ்டியில் உனக்கு ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது.

"போய்ட்டு வாங்க முசே, நான் இவங்கள பாத்துக்கறேன்" என்றார் காசிலிங்கம். குரல் மட்டும் தட்டுத் தப்பியது.

தெய்வசிகாமணி செல்வாம்பாளிடம் கேட்டார். "போனா நானும் வரேன். ஆனா அங்கதான் எல்லாருக்கும் இது தெரியுமே. நீங்க யாருக்குச் சொல்லிக் குடுப்பீங்க?" என்றாள் அவள்.

இரண்டு நாள் யோசித்துவிட்டு ரெனேவுக்குப் பதில் எழுதினார். வரவில்லை, ஆனால் இங்கே உப்புக் காத்தில் கம்பியெல்லாம் துருப்பிடிக்கிறது, நல்ல கம்பியாக அனுப்பி வை என்று. டிசம்பரில் ஒரு பெரிய பார்சல் வந்தது. வகுப்பு முழுக்கத் தரையில் உட்கார்ந்து, அந்தச் சனிக்கிழமை பூராவும் பழைய கம்பிகளைக் கழற்றிப் புதுசு மாட்டினார்கள். காசிலிங்கம் தன் பங்குக்கு இருப்பதிலேயே தடித்த கம்பியாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்.