பதினேழாம் பக்கம்

திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் இருபத்திரண்டு வருடமாகப் புரூஃப் பார்க்கிறேன். ஆவணி பிறந்துவிட்டால் எனக்கு மனிதர் யாரையும் பிடிக்காது. காலண்டர் சீசன். ராகு காலத்தில் ஓர் எண் மாறினால் போதும், கல்யாணம் நடத்தியவர்கள் எல்லாம் தேடி வந்து திட்டுவார்கள். அந்த நேரம் பார்த்து வருகிற சின்ன ஆர்டர்களுக்கு நான் முகம் கொடுப்பதே இல்லை.

போன வருடம் அப்படி வந்த ஒன்று, ஒரு பங்குக் கோயிலின் முப்பத்திரண்டு பக்கப் புத்தகம். குழந்தை தெரேசம்மாளின் வாழ்க்கை தரும் பத்துப் பாடங்கள். அக்டோபர் ஒன்றாம் தேதி திருநாளுக்குள் வேண்டும் என்றார்கள். பிரான்சு தேசத்தில் பதினைந்து வயதில் கன்னியர் மடத்துக்குப் போய், இருபத்து நாலு வயதில் காசநோயில் இறந்த பெண் அவள். அந்த வாழ்க்கையைப் பத்தாக நறுக்கி நம்பர் போட்டிருந்தார்கள். ஒரு பிள்ளை நெஞ்சு வெடித்து இருமிச் செத்ததற்குக் கீழே ‘பாடம் ஒன்பது’ என்று போட எப்படித்தான் மனம் வந்ததோ. எரிச்சலோடுதான் திருத்தினேன்.

அந்தப் புத்தகத்தை மடித்தவள் வள்ளித்தாய். இது அவளைப் பற்றியது.

வள்ளித்தாய்க்கு அப்போது நாற்பத்தாறு வயது. தாயில்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். புருஷன் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டான். எங்கள் பைண்டிங் பகுதிக்கு வருவதற்கு முன் பதினெட்டு வருடம் பட்டாசுக் கம்பெனியில் இருந்தவள். அங்கே ஒரு அறையில் நாலு பேர்தான் உட்காரலாம் என்பது விதி. சீசனில் ஏழு பேர் உட்காருவார்கள். அந்த ஏழில் ஒரு இடம் கிடைப்பது பெரிய பாடு. ஒரு நாள் வராவிட்டால் மறுநாள் அந்த இடத்தில் வேறொருத்தி இருப்பாள். அதனால் வர முடியாதவர்கள் வீட்டிலிருந்து யாரையாவது அனுப்பி இடத்தைப் பிடித்து வைப்பார்கள். பதிவேட்டில் பழைய பெயரே விழும். ஃபோர்மேனும் கண்டுகொள்ள மாட்டார்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு புரட்டாசியில் வள்ளித்தாய் இப்படித்தான் மகளை அனுப்பினாள். அழகுமீனா. பத்தொன்பது வயது, கல்லூரிக்கு அன்று விடுமுறை. அம்மாவுக்குக் காய்ச்சல் என்று போய் உட்கார்ந்தாள். பத்தரை மணிக்கு அந்த அறை இல்லை.

மறுநாள் பேப்பரில் இறந்தவர் பட்டியலில் வந்த பெயர் வள்ளித்தாய். பதிவேட்டில் இருந்தது அதுதானே. பிணவறை வாசலில் நின்று, ‘செத்தது நானில்லை, என் மக’ என்று அவளே சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. இதைவிடக் கொடிய காரியம் ஒரு தாய்க்கு இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

ஃபோர்மேன் பால்பாண்டி பாதி வெந்து பிழைத்தார். அவரால் வேலைக்குப் போக முடியாது, வீட்டுக்கு வருமானம் வேண்டுமே, அவர் மனைவி ராக்காயியும் எங்கள் பைண்டிங்குக்கு வந்து சேர்ந்தாள். எதிரெதிர் உட்காரும்படி ஆகிவிட்டது. ஒரே ஊர், ஒரே பஸ். ஒரு காலத்தில் மதினி என்று கூப்பிட்டுக்கொண்டவர்கள். அந்தப் புத்தகம் வந்தபோது இரண்டு வருடமாக ஒரு சொல் இல்லை. ‘பச்சப்பிள்ளைய உள்ள விட்டது அந்தாளுதான்’ என்பாள் வள்ளித்தாய். அதற்குமேல் யாரும் கேட்டதில்லை.

ராக்காயிக்கு ஒரு பழக்கம். ஒவ்வொரு தாளை மடித்ததும் நாக்கால் ‘ச்சு’ என்பாள். ஒரு நாளைக்கு இரண்டாயிரம் தடவை. அந்தச் சத்தத்துக்கே கொலை செய்யலாம் என்று வள்ளித்தாய் ஒரு முறை என்னிடம் சொன்னாள்.

முப்பத்திரண்டு பக்கம் என்றால் இரண்டு பெரிய தாள். எங்கள் மொழியில் இரண்டு ஃபாரம். பதினாறு பக்கம் வரை முதல் ஃபாரம். அது வள்ளித்தாய்க்கு. பதினேழிலிருந்து இரண்டாவது. அது ராக்காயிக்கு. வள்ளித்தாய் எட்டாவது வரை படித்தவள். மடித்துக்கொண்டே அவ்வப்போது ஒரு வரி படிப்பாள். மூன்று நாளில் பதினாறு பக்கத்தையும் படித்துவிட்டாள். மடத்தில் ஜெபம் செய்யும்போது பக்கத்தில் ஒரு சகோதரி வாயால் ஏதோ சத்தம் செய்துகொண்டே இருந்ததாகவும், தெரேசம்மாள் வியர்த்துக் கொட்டக் கொட்ட அதைப் பொறுத்துக்கொண்டதாகவும் ஒரு இடம் வரும். அங்கே அவள் சிரித்ததை நான் பார்த்தேன்.

பதினாறாம் பக்கம் வேறு மாதிரி. மூன்று பேரைக் கொன்ற ஒருவனுக்கு மரண தண்டனை. செத்தவர்களில் ஒரு சிறுமியும் உண்டு. அவனுக்கு மனம் வருந்தும் எண்ணமே இல்லை. பதினாலு வயதுத் தெரேசம்மாள், முன்பின் பார்த்திராத அவனுக்காக இரவும் பகலும் வேண்டுகிறாள். தண்டனை நாள் வருகிறது. அவன் மேடை ஏறுகிறான். அதோடு பக்கம் முடிந்துவிட்டது.

வள்ளித்தாய் என் மேஜைக்கு வந்தாள். “சார், கதை பாதியில நிக்கே. அவன் என்ன ஆனான்?”

ஒரே வரியில் சொல்லியிருக்கலாம். நான் காலண்டரின் கார்த்திகை மாதத் தாளில் தலையைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். “அடுத்த ஃபாரத்துல இருக்கு. ராக்காயிகிட்ட வாங்கிப் பாருங்க” என்று விரட்டினேன். அந்த வாரம் பால்பாண்டிக்கு மூச்சுத் திணறல் முற்றி, டாக்டர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டதும், வள்ளித்தாயைப் பார்க்க வேண்டும் என்று அவர் ஆள் மேல் ஆள் அனுப்பியதும், இவள் முடியாது என்று சொன்னதும் எனக்குத் தெரியாது.

அன்று முழுக்க அவள் கேட்கவில்லை. மறுநாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு எல்லோரும் எழுந்த பிறகு, ராக்காயியின் அடுக்கைக் காட்டி, “அதுல ஒண்ணு எடுங்க மதினி” என்றாள்.

ராக்காயி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது. “என்ன போட்டிருக்கு?” என்று மட்டும் கேட்டாள்.

வள்ளித்தாய் பதினாறாம் பக்கத்தை வாயால் சொல்லிவிட்டுப் பதினேழைப் படித்தாள். மேடையில் கடைசி நொடியில் அந்த மனிதன் திரும்பி, பாதிரியார் கையில் இருந்த சிலுவையைப் பிடித்து மூன்று முறை முத்தமிட்டான். அவ்வளவுதான் எழுதியிருந்தது. ராக்காயி தூக்குச்சட்டியைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

“அவரும் ஏதோ சொல்லணும்னுதான் உசிரப் பிடிச்சிக்கிட்டுக் கிடக்காரு வள்ளி. மன்னிக்க வேண்டாம். கேட்டுட்டுப் போயிரு.”

சாயங்காலம் இருவரும் பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து பால்பாண்டியைப் பார்க்கப் போனார்கள்.

பால்பாண்டி பேசினதை வள்ளித்தாய் எனக்கு ஒரு மாதம் கழித்துச் சொன்னாள். புத்தகம் கோயிலுக்குப் போய்விட்டது. கழிவில் ஒரு பிரதி கிடைக்குமா என்று கேட்க வந்தவள், நின்றபடியே சொன்னாள்.

அவர் மன்னிப்புக் கேட்கவில்லையாம். மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னாராம்: “ஒனக்குக் காய்ச்சல் இல்லைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும் தாயி.”

ஆமாம், வள்ளித்தாய்க்குக் காய்ச்சல் இல்லை. தொடர்ந்து இருபத்தாறு நாள் உட்கார்ந்த இடுப்பு. ஒரு நாள் படுத்துக் கிடக்க வேண்டும் போலிருந்தது. மகளிடம் காய்ச்சல் என்று பொய் சொன்னாள். ஊருக்கும் அதையே சொன்னாள். பால்பாண்டிமேல் அவள் வைத்திருந்த கோபத்தில் பாதி, உண்மை எங்கே தெரிந்துவிடுமோ என்ற பயம்தான். இதை அவளே என்னிடம் சொன்னாள். நான் கண்டுபிடிக்கவில்லை.

பால்பாண்டி மேலும் சொன்னாராம்: “பிள்ளைய நான் வீட்டுக்குப் போகச் சொன்னேன். பழகாத கைக்கு இது ஆகாது, ஒங்கம்மாவ வரச்சொல்லுன்னேன். அது கிட்ட வந்து மெதுவாச் சொல்லிச்சு. ‘அம்மாவுக்குக் காய்ச்சல்லாம் இல்ல மாமா. தொட்டுப் பாத்தேன், ஒடம்பு சுடல. தூங்கணும்னுதான் பொய் சொல்லுது. தூங்கட்டும். அது தூங்கி எம்புட்டு நாளாச்சு.’ அதுக்கு மேல எனக்கு அனுப்ப மனசு வரல. விசாரணையில கேட்டாக. காய்ச்சல்னுதான் சொன்னேன். ஒருத்தருக்கும் சொல்லல.”

நாலாம் நாள் அவர் இறந்துபோனார். வள்ளித்தாய் போய் ராக்காயியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் ஒரு விஷயம் இருக்கிறது. சாவதற்கு முன் பல மாதங்கள் தெரேசம்மாளுக்கு மறுவுலகம் என்று ஒன்று உண்டா என்பதே இருட்டாகிவிட்டதாம். அந்த இருட்டிலேயே சின்னச் சின்ன வேலைகளைப் பிரியமாகச் செய்துகொண்டு போயிருக்கிறாள். அந்த ஒரு பாடத்தை மட்டும் நான் நம்புகிறேன். அழகுமீனா அந்தப் புத்தகத்தைப் படித்தவள் இல்லை. அவள் செய்ததற்குப் பாடம் என்று யாரும் நம்பர் போடவும் இல்லை.

பிரதியைக் கொடுத்தபோது ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டுமே என்று, “தெரிஞ்சுதானம்மா போயிருக்கா, ஒங்க மேல அம்புட்டுப் பிரியம்” என்றேன்.

வள்ளித்தாய் புத்தகத்தை மஞ்சள் பையில் வைத்தாள்.

“அவ நெனச்ச மாதிரியே நடந்துச்சு சார். அன்னைக்கு நல்லாத் தூங்குனேன். சத்தங்கேட்டுத்தான் முழிச்சேன்.”