சிப்பித் தொட்டிக்கு மேலே திருஷ்டிக் கயிறு

திருப்பதிப் பக்கம் வடமாலபேட்டையில், எங்கள் தகர ஷெட்டுக்குள் சிப்பிகளைக் குளிப்பாட்டுகிறோம் என்று சொன்னால் ஒருவரும் நம்பவில்லை. எதிரே டீக்கடை வைத்திருந்தவர், உள்ளே சாராயம் காய்ச்சுகிறோம் என்றார். பெட்ரோல் பங்க் பையன், நகை உருக்குகிறோம் என்றான். நான் இருவரையும் ஏமாற்றவில்லை. "பகல்ல சாராயம்ணா, சாயங்காலம் நகை" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அதைக் கேட்ட அக்கா, அன்று எனக்குச் சோற்றில் குழம்பு ஊற்றவில்லை.

ஷெட் அக்காவுடையது. குவைத்தில் ஒரு வீட்டில் பல வருஷம் சமையல் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவள். அவள் போனபோது பால்குடி மறந்திருந்த மகள், வந்தபோது வாசலில் நின்று "ஆன்ட்டி வந்துக்கீறாங்க" என்று உள்ளே குரல் கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் அவள் புருஷன், என் மாமாவின் ரோட்டோர நிலத்தில் ஷெட் எழுந்தது. இந்தத் தொழில் நடக்கவில்லை என்றால் அவள் மறுபடி விமானம் ஏற வேண்டும். பாஸ்போர்ட்டை அவள் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள். விளக்கேற்றும்போதெல்லாம் அது கண்ணில் பட்டது.

வேலை எளிது. கடலோரக் கழிமுகத்தில் நீல நைலான் கயிறுகளில் வளர்க்கும் சிப்பி, உயிரோடு எங்களிடம் வரும். அந்தத் தண்ணீரில் மிதக்கும் பிளாஸ்டிக் தூளும் நூலும் அதன் வயிற்றுக்குள் இருக்கும். டேங்கரில் கடல் தண்ணீர் கொண்டுவந்து, மணலிலும் நுண்ணிய ஃபில்டரிலும் வடிகட்டித் தொட்டிகளில் நிரப்புவோம். இரண்டு நாள் அதில் கிடந்தால் சிப்பி நல்ல தண்ணீரை இழுத்து, வயிற்றில் இருப்பதைத் தானே வெளியே தள்ளிவிடும். பிறகு லாரியேறிப் பெங்களூர் ஓட்டல்களுக்குப் போகும். எங்கள் ஊரில் அதைத் தின்ன ஆளில்லை. மாமா ஒரு தடவை வாயில் போட்டுவிட்டு, பழைய செருப்பு மாதிரி இருக்கிறது என்றார். செருப்பின் ருசி அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பெங்களூர் கம்பெனியிலிருந்து சோதனைக்கு ஒருவர் வருவார். வந்த சிப்பியில் கொஞ்சம், தொட்டியிலிருந்து வெளியே எடுத்த சிப்பியில் கொஞ்சம் என்று எடுத்துச் சதையை மருந்தில் கரைப்பார். அதை வெள்ளைக் காகிதத்தில் வடிகட்டி, லென்ஸ் வைத்துப் பார்ப்பார். நாங்கள் கொடுக்கும் டீயைக்கூட டம்ளருக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்.

முதல் சோதனையில் நீல நூல்கள் நன்றாகக் குறைந்திருந்தன. ஆனால் புதிதாக வேறு ஒன்று இருந்தது. அவர் லென்ஸை அக்காவிடம் நீட்டினார்.

"கறுப்பு நூல், சிவப்பு நூல். பார்த்தீங்களாம்மா? உள்ளே வரும்போது இல்லை. வெளியே போகும்போது இருக்கு. நடுவுல நீங்கதான் இருக்கீங்க."

அந்த ஒரு பேச்சு போதுமாயிருந்தது. மாமா டேங்கர் டிரைவரைச் சந்தேகித்தார். நான் மாமாவைச் சந்தேகித்தேன். வாராவாரம் சாயம் பூசுகிற தலை அவருடையது. அக்கா நேராக என்னிடம் வந்தாள்.

"நீ இன்னாடா போட்ட தொட்டில?"

"நான் இன்னாத்துக்குப் போடப்போறேன்?"

"போன வாரம் ரப்பர் நண்டு போட்டது எவுரு?"

"அது மாமாவைப் பயமுறுத்த. நண்டுக்கு நூல் ஏது யக்கா?"

அவள் நம்பவில்லை. ஆனால் என்னைவிடப் பெரிய ஆள் ஒருவர் அவள் மனதில் இருந்தார். எதிர்க் கடையில் டீ ஆற்றிக்கொண்டே எங்கள் லாரியை மேலிருந்து கீழாகப் பார்ப்பவர். "அந்தாள் கண்ணு கொள்ளிக்கண்ணுடா" என்றாள். ஷெட் திறந்த அன்றே, திருப்பதி பஜாரில் வாங்கிவந்த திருஷ்டிக் கயிறு ஒன்றைத் தொட்டிக்கு மேலே கட்டியிருந்தாள். கறுப்பும் சிவப்புமாகப் பின்னி, நுனியில் குஞ்சம் வைத்த தடிமனான கயிறு. சோதனையில் கெட்ட பேர் வந்ததும், ஒன்று போதவில்லை என்று தொட்டிக்கு ஒன்றாகக் கட்டினாள்.

அடுத்த சோதனையில் நூல் இன்னும் அதிகம்.

"இன்னொரு தடவை இப்படி இருந்தா லோடை நிறுத்திடுவோம்மா" என்று சொல்லிவிட்டு அவர் டீ குடிக்காமலே போனார். அன்று விளக்கேற்றிய அக்கா, சாமியை விட்டுவிட்டுப் பாஸ்போர்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் திருப்பதிக்குப் போய் இன்னும் ஒரு கட்டுக் கயிறு வாங்கிவந்து தொங்கவிட்டாள். என்னைத் தொட்டிப் பக்கமே வரக்கூடாது என்றாள்.

"வாசல்ல ஸ்டூல் போட்டுக் குந்து. எவனாவது வந்தா சொல்லு. கையை மடியிலயே வெச்சிக்கோ."

வேலை செய்யாமல் உட்காரச் சொன்னால் எனக்குக் கசக்குமா? உட்கார்ந்தேன். உச்சி வெயில். கூரைத் தகரத்தில் ஆணி அடித்த ஓட்டை ஒன்று வழியாக, பென்சில் கனத்துக்கு வெளிச்சம் சாய்ந்து தொட்டியில் விழுந்துகொண்டிருந்தது. உள்ளே பெரிய மின்விசிறி தலையை ஆட்டியது. அது கயிறுகள் பக்கம் திரும்பும்போதெல்லாம் குஞ்சங்கள் ஆடின. அப்போது அந்த வெளிச்சத்துக்குள் மயிரைவிட மெல்லியதாக ஏதோ மிதந்து இறங்கியது. விசிறி அந்தப் பக்கம் போனதும் நின்றது. திரும்பி வந்ததும் மறுபடி இறங்கியது.

"யக்கா! ஓடியா! உன் திருஷ்டி தண்ணில வுழுந்துக்கினு கீது!"

அவள் கரண்டியோடு வந்தாள். காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள், வெளிச்சத்தை அல்ல, என்னை.

"தூசிடா அது."

"கொளுத்திப் பாரு."

நகரி, புத்தூர்ப் பக்கம் தறிச் சத்தத்தில் வளர்ந்த எவருக்கும் இது தெரியும். பருத்தி நூலைக் கொளுத்தினால் காகிதம் போல எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் சுருண்டு உருகி, மணியாகக் கெட்டிப்படும். நான் குஞ்சத்திலிருந்து ஒரு நூல் உருவி நீட்டினேன். அக்கா அதை வாங்கவில்லை.

"நீ குடுக்கிற நூல் எனக்கு வேணாம். ஜேப்பில வேற வெச்சிருப்ப."

ஸ்டூலில் ஏறி, தன் கத்திரிக்கோலால் தானே வெட்டினாள். மாமாவின் தீப்பெட்டியையும் நம்பாமல் அடுப்படியிலிருந்து வேறொன்று எடுத்துவந்தாள். கொளுத்தினாள். நூல் சுருண்டு, கடுகு போலக் கறுப்பு மணியானது. வேறொரு கயிற்றில் வெட்டிக் கொளுத்தினாள். இன்னொரு மணி. அவற்றை விரல்களுக்கு நடுவில் உருட்டியபடி ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இதை அவுத்தா கண்ணு படும்டா" என்றாள் மெதுவாக.

"கண்ணு பட்டா தலை நோவும் யக்கா. இது தண்ணில பட்டா குவைத் வரும்."

வழக்கமாக இப்படிச் சொன்னால் கரண்டி பறந்து வரும். அன்று வரவில்லை. எழுந்து, ஈரத் துணியால் ஒவ்வொரு கயிற்றையும் சுற்றிப் பிடித்து, தானே அவிழ்த்தாள். கடைசிக் கயிற்றை அவிழ்க்கும்போது வாசல் வழியாக டீக்கடையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். தொட்டிகளைக் காலி செய்து கழுவி, புதுத் தண்ணீர் விட்டோம். எலுமிச்சையும் மிளகாயும் பருத்தி நூலில் கோத்து, தொட்டியை விட்டுத் தள்ளி, வெளி வாசலில் கட்டினாள். அதோடு விடவில்லை. பாலியெஸ்டர் கலந்த டெரிகாட்டன் சட்டையோடு யாரும் உள்ளே வரக்கூடாது என்றாள். மாமாவும் நானும் பருத்தி பனியனில் வேலை செய்தோம். மாமாவின் தொப்பையைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. பெரும்பாலும் சொல்லவில்லை.

பெங்களூர்க்காரர் வந்தார். லென்ஸில் வெகுநேரம் குனிந்திருந்தார். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கறுப்பு இல்லை. சிவப்பு இல்லை. நீலம் மட்டும் கொஞ்சம் இருக்கு. அது பரவாயில்லை, லோடை ஏத்துங்க" என்றவர், எங்களை நம்பாமல் இன்னும் நான்கு சிப்பியை உடைத்துப் பார்த்தார். பிறகுதான் டீ கேட்டார். டம்ளருக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் குடித்தார்.

லாரி போனதும் அக்கா உள்ளே போய், சாமி படத்துக்குப் பின்னாலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து பீரோவில் வைத்தாள். பூட்டவில்லை. மகள் பக்கத்தில் நின்று, "அம்மா, சாவி வேணுமா?" என்று கேட்டாள். அக்கா சாவியை வாங்கிப் பூட்டினாள்.

வெளியே வந்தவள், வாசல் ஆணியில் தொங்கிய என் சட்டைக்கு எதிரே நின்றாள்.

"நீலம் கொஞ்சம் கீதுன்னாரே."

"அது சிப்பி வளர்க்கிற கயிறு யக்கா. நைலான் கயிறு."

"இதுவும் நீலம்தானே?"

சட்டையின் ஓரத்தில் ஒரு நூலை உருவிக்கொண்டு, அடுப்படிக்குத் தீப்பெட்டி எடுக்கப் போனாள்.