அடி அறுக்காத கூடை

நேற்று கடைத்தெருவில் மழையில் நனைந்த பிரப்பங்கூடை ஒன்றின் வாசம் மூக்கில் ஏறியது. உடனே எதிர்ச்சாரிக்கு நகர்ந்துவிட்டேன். கூடையைக் கண்டு பயப்படுகிற ஆள் ரங்கூனிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அப்போது மர டிப்போ ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தேன். இந்த ரங்கூன் மழைதான் தெரியுமே, மைதானமெல்லாம் குளம். கூரைக்குள் ஆட ஓர் ஆட்டம் வேண்டுமென்று சிநேகிதர்கள் தவித்தபோது, "கூடைப்பந்தா? மெட்ராஸ்ல நான் ஆடாததா!" என்று அளந்துவிட்டேன். கேப்டனாக்கிவிட்டார்கள். நான் அறிந்ததெல்லாம் கடலை மடித்து வந்த ஒரு பத்திரிகைத் தாள். அமெரிக்காவில் குளிர்காலத்தில் பையன்களைச் சமாளிக்க முடியாத வாத்தியார் ஒருவர், இரண்டு பழக்கூடைகளை உயரத்தில் ஆணியடித்து இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தாராம். உள்ளே விழுந்த பந்தை ஏணி வைத்து எடுத்தார்களாம். அதற்குக் கீழே தாள் கிழிந்திருந்தது.

நானும் டிப்போ கொட்டகையில் இரண்டு கூடைகளை அடித்து, ஏணிக்கு ஓர் ஆளையும் போட்டேன். என் அறைத்தோழன் சுப்பையா, துறைமுகத்தில் சாக்குத் தைக்கிறவன். பார்வை மட்டு, பந்து மூக்கில் இடித்த பிறகுதான் வந்ததே தெரியும். ஆனால் ஏணியில் அணில் மாதிரி ஏறுவான். எங்கள் டீம் சட்டையைப் போலவே தானும் ஒன்று தைத்துப் போட்டுக்கொண்டான்.

காலேஜ் டீம் ஆட வருகிறதென்று செய்தி வந்தது. ஆட்டம் தெரிந்தவர்கள், என் புளுகு வெளுத்துவிடும். ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

அவர்கள் கேப்டன் கோ தெயின் அண்ணாந்து பார்த்தார். "அடிய அறுக்கலையா? பந்து எப்படிக் கீழ விழும்?" என்று பர்மியத்தில் கேட்டார்.

நான் பந்தைத் துடைக்க ஆரம்பித்தேன். ஏணி உச்சியிலிருந்து சுப்பையா கத்தினான்: "எங்க கேப்டன் மெட்ராஸ்ல இப்படித்தான் ஆடுனாரு, கோ தெயின்!"

கோ தெயின் என் முகத்தைப் பார்த்தார். புரிந்துகொண்டார். "சரி, மொதமொதல்ல ஆடுன மாதிரியே ஆடுவோம்" என்றார். தோற்றோம். கைதட்டலெல்லாம் சுப்பையாவுக்கு.

மறுநாள் வெட்கம் தாங்காமல் நானே கத்தியோடு ஏறினேன். அவன்தான் ஏணியைப் பிடித்துக்கொண்டான்.

"இனிமே பந்து தானா விழுந்துருமா?"

"விழுந்துரும்."

"அப்ப சரி."

இரண்டு வாரம் அந்தச் சட்டையோடு வந்து உட்கார்ந்திருந்தான். பிறகு வரவில்லை. அடுத்த வருஷம் ஊருக்குக் கப்பலேறினான். கப்பல் துறையில் என் கையைப் பிடித்து, "மெட்ராஸ்ல எறங்குனதும் நீங்க ஆடுன எடத்துக்குப் போயிப் பாக்குறேன் கேப்டன். அங்க ஏணிக்கு ஆளு வேணுமில்ல?" என்றான். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். பாவி, கையை ஆட்டிக்கொண்டு நின்றேன்.

இப்போது அந்தக் கொட்டகை இல்லை, மெட்ராஸ் கப்பலும் இல்லை. அங்கே அவன் எத்தனை பேரிடம் விசாரித்தானோ.