நிமிர்த்தி வைத்த கை

"போனைப் பார்த்துக்கிட்டே வேலை செஞ்சா கை வேகாதான்னு கேட்டீங்களாமே, மாடி வீட்டக்கா, நீங்க அங்க நின்னு பார்த்தீங்களா?"

படிக்கட்டில் வழிமறித்தவள், 'மடிப்பு' என்று எல்லோரும் கூப்பிடும் பெண்ணின் தங்கை. ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவைக் கூட்டிவரக் கிளம்பியவள், அதை மறந்து நின்றுவிட்டாள்.

மடிப்பு சலவைக்கூடத்தில் பதினெட்டு வருஷமாகத் துணி தேய்ப்பவள். அவள் தேய்த்த சட்டை மடிப்பில் விரல் வைத்தால் அறுக்கும் என்பார்கள். பெயரும் அப்படியே நிலைத்தது. மூன்று மாதத்துக்கு முன் அங்கே நீராவிக் குழாய் தெறித்தபோது பின்னால் நான்கு பெண்கள். ஆவிக்குள் வலது கையை விட்டு வால்வை மூடிவிட்டுத்தான் தன் கையைப் பார்த்தாள். முழங்கையிலிருந்து விரல்வரை தோல் இல்லை.

"சரி விடு. ஏதோ மிருகத் தோலை ஒட்டியிருக்காங்களாமே?"

"அவ வயித்துக் கொழுப்புதான்க்கா! அதுலேர்ந்து ஸ்டெம் செல்லுனு புண்ணை ஆத்துற அணுவைப் பிரிச்செடுத்தாங்க. அவளுக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு ஊரெல்லாம் சொன்னது நீங்கதானே?"

மாடி வீட்டக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சோதனையில் இருக்கும் வைத்தியம் என்று டாக்டரம்மா முதலிலேயே சொல்லியிருந்தார். கொடிக்குப் பந்தல் போல, புண்மேல் மெல்லிய வலை. அணுக்கள் அதில் படரும். வலை மெல்லக் கரைந்துவிடும். ஐந்து நாள் கை அசையக் கூடாது. அணுக்கள் ஒட்டிப் பிடித்தால் விரல் மடங்கும். பிடிக்காவிட்டால் கை விறைத்துப்போகும். இஸ்திரிப் பெட்டியை மறந்துவிட வேண்டியதுதான்.

மூன்றாம் நாள் மதியம் மடிப்பு கண்ணயர்ந்தாள். போட்டிருந்த கட்டையும் மீறி, கை போயிற்று, வந்தது, போயிற்று. தூக்கத்தில் துணி தேய்த்தாள். தங்கை பாய்ந்து பிடிப்பதற்குள் வலை நழுவிவிட்டது.

"யார் சட்டைடி தேய்ச்சே, பாவி?"

"தெரியலை. காலர்ல கறை இருந்துச்சு."

எடுத்து வைத்த அணுக்கள் இன்னும் ஒரு தடவைக்குத்தான் வரும். இறுக்கிக் கட்டலாம் என்றார் டாக்டரம்மா.

"கட்டினா இழுக்கும் டாக்டரம்மா. இஸ்திரிப் பெட்டி துணிமேல படுத்திருந்தா கை சும்மா இருக்காது, துணி கருகிடும்ல? பெட்டியை நிமிர்த்தி வெச்சாத்தான் கை ஓயும். கையை நிமிர்த்தி வைங்க."

வீக்கத்துக்கும் அதுவே நல்லது என்றார் அவர். மிச்ச அணுக்களோடு புது வலை வைத்து, விரல்கள் மேலே பார்க்க, கையை நிறுத்திக் கட்டினார்கள். ஐந்து நாளும் அசையவில்லை. கட்டைப் பிரித்தபோது இளஞ்சிவப்பாகப் புதுத்தோல். அப்புறம் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு மாதம் விரல் பயிற்சி.

இன்று தங்கை முழுக்கைச் சட்டை கொண்டு வந்திருந்தாள். வெயில் படக் கூடாதாம், ஊர்க்கண்ணும் படாது.

மடிப்பு சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். "யாருடி தேய்ச்சது? சட்டைக்கையில ஒண்ணுக்கு ரெண்டு மடிப்பு. இதோட வெளியே போனா என் மானம் போயிடும்."

கட்டிலில் விரித்தாள். வலது விரல்கள் மெல்ல மடங்கி மடிப்பைக் கிள்ளிப் பிடித்தன. உள்ளங்கையால் ஒரே இழுப்பு, நேர்கோடு.

போட்டுக்கொண்டு, கனத்த கதவை அதே கையால் தள்ளி வெளியே நடந்தாள்.