செவ்வாய், வெள்ளி மட்டும் வடை

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியின் கேன்டீனில் நான் பரிமாறிக்கொண்டிருந்தபோது, பிரான்ஸ் தேசத்துத் தலைமையிடத்திலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். புது மிஷினை ஓட்டிப் பழக்க வந்தவர். மிஷினில் அவருக்குத் தெரியாதது இல்லை, இங்கிலீஷ்தான் தகராறு. நான் படித்தது எட்டாவது. எனக்கும் அதே தகராறுதான். அதனாலேயே இரண்டு பேருக்கும் ஒத்துப்போயிற்று.

முதல் நாள் என் நெற்றியைப் பார்த்துப் பதறிவிட்டார். நான் நாமம் தரிக்காமல் வீட்டைவிட்டு இறங்குவதில்லை. நடுவில் இருந்த சிவப்புக் கோட்டைக் காட்டி, "ஆக்சிடன்ட்?" என்றார். நான் கையை மேலே காட்டி, "நோ சார், காட்" என்றேன். கடவுள் அடித்துவிட்டார் என்று புரிந்துகொண்டாரோ என்னவோ, அன்று முழுக்க என்னைப் பரிதாபமாகவே பார்த்தார்.

சாப்பாட்டுக் கூட்டம் கலைந்த பிறகு டீயோடு உட்கார்ந்து ஒரு சின்னப் புத்தகத்தைப் பிரிப்பார். பிரெஞ்சுக்காரர்கள் இங்கிலீஷ் கற்றுக்கொள்வதற்காகப் போட்டது. வேலை, சண்டை, சமத்துவம், பாகுபாடு என்று தலைப்பு வாரியாகச் சொற்கள் இருக்கும். ஒவ்வொன்றாக உரக்கப் படித்து, என்னிடம் பேசிப் பார்ப்பார். அவர் வாயில் 'ஹ' வராது. ஹயர் என்பது அயர் ஆகிவிடும்.

ஒருநாள், "யுவர் பாஸ், ஃபயர் யூ?" என்று கேட்டார். வேலையை விட்டுத் தூக்குவதற்கும் ஃபயர் என்று பெயர் உண்டு என்பது எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்த ஃபயர் சாம்பார் அண்டாவுக்குக் கீழே எரிவது.

"எஸ் சார். டெய்லி. மார்னிங் ஃபயர், ஈவினிங் ஃபயர்" என்றேன்.

மனிதர் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

எங்கள் கேன்டீனில் இரண்டு வரிசை. நீலச் சட்டை போட்ட பெர்மனன்ட் ஆட்களுக்கு ஒன்று, சாம்பல் சட்டை போட்ட கான்ட்ராக்ட் ஆட்களுக்கு ஒன்று. சோறு ஒன்று, சாம்பார் ஒன்று. ஆனால் செவ்வாயும் வெள்ளியும் போடுகிற மெதுவடை மட்டும் நீலத்துக்குத்தான். யார் போட்ட விதியோ, நான் சேரும்போதே இருந்தது. சாம்பல் வரிசையில் திருநெல்வேலிப் பக்கத்து ஆள் ஒருவர், தட்டை நீட்டும்போதெல்லாம் என்னை வம்புக்கு இழுப்பார்.

"அண்ணாச்சி, எங்களுக்கு வாசம் மட்டும்தானா? அதையும் மூடி வச்சிருதேளா?"

நானும் சிரித்து வைப்பேன். உள்ளே உறுத்தும். கோயிலில் புளியோதரை கொடுக்கிறவர் சட்டை நிறம் பார்த்தா கொடுக்கிறார்? ஆனாலும் வாயைத் திறக்க மாட்டேன். நானே கான்ட்ராக்ட். முன்பு சென்னையில் ஓட்டல் வேலை. மாதம் ஒருமுறைதான் வீடு. இந்த வேலை கிடைத்த பிறகுதான் வடக்குப்பட்டில் என் வீட்டில் விளக்கேற்றும் நேரத்துக்கு நானும் கை கூப்பி நின்றேன். அது போய்விடக் கூடாது. தினமும் பெருமாளிடம் நான் கேட்டது அது ஒன்றுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை பிரெஞ்சுக்காரர் தெரியாமல் சாம்பல் வரிசையில் வந்து நின்றார். விருந்தாளி ஆயிற்றே என்று அவர் தட்டில் இரண்டு வடை வைத்தேன். பின்னால் நின்றது திருநெல்வேலிக்காரர். அவருக்கு இல்லை. பிரெஞ்சுக்காரர் தன் தட்டைப் பார்த்தார், அவர் தட்டைப் பார்த்தார், நீல வரிசையைப் பார்த்தார். பையிலிருந்து புத்தகத்தை எடுத்துப் புரட்டி, வடையின் மேல் விரலை வைத்து, "டிஸ்கிரிமினேஷன்?" என்றார்.

அவர்கள் ஊரில் வடைக்கு அதுதான் பெயர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"எஸ் சார். ஒன்லி ட்யூஸ்டே, ஃப்ரைடே. வெரி டேஸ்ட்" என்றேன்.

பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் கேன்டீன் சூப்பர்வைசர் ஓடி வந்தார். "யோவ், எச்.ஆர். கூப்புடறாரு. அந்தாளாண்ட இன்னாய்யா சொல்லிக்கினு இருந்த?"

எச்.ஆர். சாரின் அறையில் ஏசி குளிர். எனக்கு மட்டும் வேர்த்தது.

"செவ்வாயும் வெள்ளியும் இந்தக் கம்பெனியில பாகுபாடு நடக்குதுன்னு சொன்னியா?"

"இல்ல சார். வடை நடக்குதுன்னு சொன்னேன்."

"விளையாடாத. நேரா என் ரூமுக்கு வந்து 'ஐ டிமாண்ட் ஒய்'ங்கறாரு. டிமாண்ட்! அது யூனியன்காரன் பேசற வார்த்தை. பக்கத்துக் கம்பெனியில ஸ்ட்ரைக் முடிஞ்சு இன்னும் பந்தலைக்கூட பிரிக்கல. யாரு உனக்குச் சொல்லிக் கொடுத்து அனுப்பினது?"

"சத்தியமா யாரும் இல்ல சார்."

"நாளையிலேருந்து நீ வர வேணாம்."

பழைய ஓட்டலின் எச்சில் மேசைகள் கண் முன்னால் வந்தன. "கோவிந்தா, கோவிந்தா" என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே நின்றேன். அதற்குமேல் எனக்கு மந்திரம் தெரியாது.

அப்போது கதவைத் தட்டிக்கொண்டு பிரெஞ்சுக்காரர் உள்ளே வந்தார். சாரின் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். மார்பில் கையை வைத்துக் கொஞ்சம் குனிந்து, "ஐ டிமாண்ட் பார்டன்" என்றார்.

எச்.ஆர். சார் எழுந்து நின்றுவிட்டார். பார்டன் என்றால் மன்னிப்பு என்று எனக்கே தெரியும். இந்த ஆளை மன்னித்தே ஆக வேண்டும் என்று தலைமையிடத்துக்காரர் டிமாண்ட் வைத்துவிட்டார் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

"கிரான்டட் சார், கிரான்டட்" என்றவர், என் பக்கம் திரும்பி, "போய்யா, வேலையப் பாரு. வடைய எல்லாருக்கும் போட்டுத் தொலை" என்றார்.

பிரெஞ்சுக்காரர் ஒன்றும் விளங்காமல் இரண்டு பேருக்கும் கை கொடுத்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை இரண்டு வரிசைக்கும் வடை. கேன்டீன் கான்ட்ராக்டர் உளுந்தை மட்டும் கூட்டவில்லை. திருநெல்வேலிக்காரர் தன் வடையைத் தூக்கி, நடு ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, சமத்துவம் வந்துட்டு. ஓட்டைதான் பெருசா இருக்கு."

பிறகு பாண்டிச்சேரியிலிருந்து ஒரு மொழிபெயர்க்கிற அம்மா வந்தபோதுதான் விஷயம் விளங்கியது. பிரெஞ்சில் 'டிமாண்ட்' என்பதைப் போல ஒரு சொல் இருக்கிறதாம். சும்மா கேட்பது என்றுதான் அதற்கு அர்த்தம். முதலில் அவர் ஏன் என்று கேட்டார். பிறகு, நடுவில் புகுந்து தொந்தரவு செய்ததற்காகத் தானே மன்னிப்புக் கேட்டார். அவ்வளவுதான்.

வீட்டில் சொன்னேன். என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்போ அவரு இன்னா கேட்டாருன்னும் தெரியாம, இவரு இன்னா குடுத்தாருன்னும் தெரியாமதான் உன் வேல தப்பிச்சுதா?"

"பெருமாளுக்குத் தெரியும்" என்றேன்.

"அவருக்காச்சும் தெரியட்டும். சனிக்கெழம ஸ்ரீபெரும்புதூர் போய் ஒரு துளசி மாலை சாத்திட்டு வா."

போனேன். சந்நிதியில் கூட்டம் இல்லை. திரை விலகி தீபம் காட்டினார்கள். கை கூப்பிக் கண்ணை மூடியதும், வழக்கமாகச் சொல்கிறது எதுவும் வாயில் வரவில்லை. "ஐ டிமாண்ட் பார்டன்" என்றுதான் வந்தது.

பட்டர் தட்டோடு திரும்பினார். "என்னப்பா?"

"ஒண்ணுமில்ல சாமி. கேட்டேன்."

"பெருமாளுக்குக் கேட்டிருக்கும்" என்று தீர்த்தம் கொடுத்தார்.