பின்வாசலைத் திறந்தவர்

கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னால் போதும், கேட்கிறவர்கள் உடனே குரலைத் தாழ்த்தி, "அங்குட்டு ஏதாச்சும் நடமாட்டம் உண்டா?" என்பார்கள். "உண்டு, எலி" என்பேன். பதினாறு வருஷமாக இதுதான் என் பதில். அத்தனை கதவுள்ள வீட்டில் தனியாகப் படுத்துத் தூங்குகிறவன் பேய் பிசாசை நம்பினால் பிழைப்பு ஓடாது. அப்படிப்பட்ட நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை. ஆனால் இது நடந்தது, அதுவும் பட்டப்பகலில், வீடு நிறைய விருந்தாளிகள் இருக்கும்போது.

சென்னையிலிருந்து வீட்டுக்கார ஆச்சி குடும்பத்தோடு வந்திருந்தார். அவர் கணவருக்கு அறுபதாம் கல்யாணம். சமையல் கருப்பையா அண்ணன். குன்றக்குடிப் பக்கத்து ஆள், அந்த வீட்டு விசேஷம் எல்லாவற்றுக்கும் அவர்தான் சமைப்பார். எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்ல எனக்கு வாய் வராது.

காலை பத்து மணி இருக்கும். அடுப்படியில் நின்றவர் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நெஞ்சுல யாரோ ஏறி மிதிக்கிற மாதிரி இருக்குப்பா. இடது கை வேற கடுக்குது" என்றார். பனியன் தொப்பலாக நனைந்திருந்தது. அடுப்பு முன்னால் நிற்கிறவருக்கு வேர்க்காமல் என்ன செய்யும் என்று நினைத்தேன்.

"வெறும் வயித்துல டீயா ஊத்தியிருக்கீக, வாயுவாத்தான் இருக்கும்ணே" என்று ஒரு சோடாவை உடைத்துக் கொடுத்தேன். அத்தோடு விட்டேனா? "பின்கட்டுல நாலு நடை நடங்க, ஏப்பம் வந்தாச் சரியாப் போயிரும்" என்று நடக்கவும் விட்டேன். பேரன் பேத்தி எடுத்த மனுஷன், நான் சொன்னதைக் கேட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அங்கேயும் இங்கேயும் நடந்தார்.

காய் நறுக்கிக்கொண்டிருந்த லட்சுமியக்கா எழுந்து வந்து, "என்னப்பா, அவுக முகமே செத்துப் போச்சு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போப்பா" என்றார்.

"முதப் பந்தி எந்திரிக்கட்டும்க்கா" என்றேன்.

ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். நான் ஒருவரோடு நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் அண்ணன் தூணோரம் உட்கார்ந்தார், அப்படியே சரிந்தார். லட்சுமியக்கா தலையைத் தாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம்தான் நான் 108க்குப் போன் போட்டேன். போட்டவன் சும்மா வரச் சொன்னேனா? எங்கள் ஊர் வீடுகள் ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில்தான் முடியும். முன்வாசலில் மேளம் முழங்கிக்கொண்டிருந்தது, மாலை மாற்றுகிற நேரம். நல்ல காரியம் நடக்கிற வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றால் ஆச்சி மனசு என்ன பாடுபடும் என்று நானாகவே நினைத்துக்கொண்டு, "சைரன் போடாம பின்தெருப் பக்கமா வந்துருங்க" என்று சொல்லிவிட்டேன்.

போனை வைத்த பிறகுதான் பின்வாசல் ஞாபகம் வந்தது. அதைத் திறந்து பல வருஷம் ஆகிறது. பூட்டின் சாவி கோயம்புத்தூரில் ஒரு பங்காளியிடம் இருக்கிறது. உள்ளே குறுக்கே போட்டிருக்கிற கட்டையைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். மறுபடி போன் போட்டு, முன்வாசலுக்கே வாங்க என்று சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. நான் சொல்லவில்லை. பூட்டை உடைக்கக் கடப்பாரை தேடிச் சாமான் அறைக்குள் போனேன்.

கடப்பாரை கிடைத்து நான் பின்வாசலுக்கு ஓடியபோது கதவு இரண்டும் விரியத் திறந்திருந்தது. கட்டையைச் சுவரோரமாகச் சாய்த்து வைத்திருந்தது. பூட்டு தரையில் கிடந்தது, பூட்டினபடியே. ஆம்புலன்ஸில் வந்த பெண்ணும் டிரைவரும் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு அதற்குள் பாதி வழி வந்துவிட்டார்கள். யார் திறந்தது என்று கேட்கவெல்லாம் அப்போது யாருக்கு நேரம்? பந்தி பரிமாறுகிற ஆட்களில் யாரோ என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பெண் போகிற வழியெல்லாம் அண்ணன் நெஞ்சை அழுத்திக்கொண்டே வந்தாள். காரைக்குடி ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "வலின்னு சொன்னதுமே உட்கார வச்சுட்டுப் போன் பண்ணியிருக்கணும். நடக்க விடலாமா?" என்று மட்டும் கேட்டார். நான் சோடாவைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் ஆச்சி என்னைக் கூப்பிட்டு அழுதார். "முன்வாசலுக்கே வரச் சொல்லியிருக்கலாமேப்பா. உசிரை விடவா எங்க விசேஷம் பெரிசு?" என்றார்.

பந்தி ஆட்களை ஒவ்வொருவராகக் கேட்டேன். பின்பக்கம் போனதாக ஒருவரும் சொல்லவில்லை. லட்சுமியக்கா தன் மடியிலிருந்து அண்ணன் அசையவே இல்லை என்று சத்தியம் செய்தார். அண்ணனைப் பற்றி அக்காவிடம் ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியாது.

அண்ணன் காரியமெல்லாம் முடிந்த பிறகு, காரைக்குடியில் ஆஸ்பத்திரி எதிரே டீக்கடையில் அந்த ஆம்புலன்ஸ் பெண்ணைப் பார்த்தேன். சாக்கோட்டைப் பக்கத்துப் பெண்ணாம். என்னை அடையாளம் கண்டுகொண்டு, "அந்தப் பெரியவர் எப்படி இருக்காக?" என்று கேட்டாள்.

"தவறிட்டாரேம்மா, நீதானே கூட வந்தே" என்றேன்.

"அவுக இல்ல, எங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டாகளே, அவுக. நனைஞ்ச பனியனோட, நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னாக. ஒரே முகம். அண்ணன் தம்பியா ரெண்டு பேரும்?"

கருப்பையா அண்ணனுக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் கிடையாது. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன்.

அவள் பாட்டுக்குச் சொன்னாள்: "உள்ள போங்கன்னு வழி காட்டிட்டு, என்கிட்ட ஒண்ணு சொன்னாக. 'அந்தத் தம்பி பயந்து போயிருக்கு, அத யாரும் ஒண்ணும் சொல்லிறாதீக'ன்னாக. உங்களத்தான் சொல்லியிருக்காக போல."

நம்பினால் நம்புங்கள். கதவு எப்படித் திறந்தது என்பதுகூட இப்போது என்னைத் தூங்கவிடாமல் செய்வதில்லை. நான் அன்றைக்குப் பயப்படவே இல்லை, அதுதான் விஷயம். கடப்பாரையைத் தேடும்போதுகூட, பூட்டை உடைக்கிற சத்தம் முன்வாசல் வரைக்கும் கேட்டுவிடுமோ என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் அதைப் பயம் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டார்.